கிராஃபிக்ஸ் கார்டு மாற்றப் போகிறீர்களா? முதலில் கேபினெட்டைத் திறங்கள், பர்ஸை அப்புறம் திறக்கலாம்

"பட்ஜெட் முப்பதாயிரம், எந்தக் கார்டு வாங்கலாம்?" என்று கேட்டால் பத்துப் பேர் பத்துக் கார்டு சொல்வார்கள். பத்தும் நல்ல கார்டாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் மேசையில் இருக்கும் மானிட்டர் எது, உள்ளே ஓடும் பிராசஸர் எது, எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி) எத்தனை வருஷப் பழசு என்று கேட்காமல் சொன்ன பதில் எதுவும் உங்களுக்கான பதில் கிடையாது. ஒரே கார்டு ஒரு பிசியில் நொடிக்கு 110 ஃபிரேம் (படம்) தரும், இன்னொன்றில் 70-ஐத் தாண்டாது. கார்டின் மதிப்பைப் பாதி அதன் சிப் தீர்மானிக்கிறது, மீதிப் பாதியை ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பெட்டிதான் தீர்மானிக்கிறது.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது, அதனால் ஒரு பிசியை வைத்தே பேசுவோம். ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசஸர், பி450 அல்லது பி550 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 1080பி மானிட்டர். 2021-இலும் 2022 தொடக்கத்திலும் கார்டு விலை எகிறிக் கிடந்தபோது, "இப்போதைக்கு உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிற சிப்பைப் போட்டுக்கொள்வோம், கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நிறையப் பேர் கட்டிய பிசி இது. பிறகு அதில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650-ஐயோ ஏஎம்டியின் பழைய ஆர்எக்ஸ் 580-ஐயோ செருகியிருப்பார்கள். உங்களுடையது வேறாக இருந்தாலும் பார்க்க வேண்டிய இடங்கள் இதேதான்.

முதலில் குற்றவாளி யாரென்று பாருங்கள்

கேம் திக்கித் திக்கி ஓடினால் எல்லாருக்கும் உடனே கார்டு மேல்தான் சந்தேகம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை இறக்கி, அதோடு வரும் ரிவாட்யூனரையும் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம், கார்டு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வேலை செய்யும். திரையின் மூலையில் ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு, வி-ரேம் (கார்டின் சொந்த மெமரி), பிராசஸரின் ஒவ்வொரு கோரும் (கணக்குப் போடும் பகுதி) தனித்தனியாக, ஃபிரேம் எண்ணிக்கை, இவை தெரிகிற மாதிரி வைத்து, வி-சிங்க்கையும் (ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வசதி) ஃபிரேம் வரம்பையும் அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். ஜிபியு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் தடை, மாற்றினால் பலன் உண்டு. ஜிபியு 60-இல் சோம்பிக்கொண்டிருக்க ஒரு கோர் மட்டும் 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் பிராசஸர்தான் மூச்சு வாங்குகிறது, அப்போது எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் ஃபிரேம் பெரிதாக ஏறாது. மொத்த சிபியு சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை) உள்ள சிப்பில் ஒரு கோர் முழுசாக நிரம்பியிருந்தும் மொத்தக் கணக்கு 40 என்று காட்டும். சந்தேகமாக இருந்தால் இன்னொரு வழி: ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் ஏறவே இல்லையென்றால் கார்டு மேல் பழி போட முடியாது.

காசு செலவில்லாமல் சரியாகிற விஷயங்களையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிடுங்கள். மானிட்டர் கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, போர்டிலா? சிரிக்க வேண்டாம். 5600ஜி மாதிரி உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிற சிப்பில் போர்டில் செருகினாலும் படம் வரும் என்பதால் பல மாதம் அப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாற்றும்) மானிட்டர் விண்டோஸில் 60-இலேயே நிற்கிறதா? ரேம் ஒற்றைக் குச்சியா, இரண்டா? 3200 என்று விற்ற ரேம் டாஸ்க் மேனேஜரில் 2400 அல்லது 2666 என்று காட்டினால் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் பக்கம்) எக்ஸ்எம்பி (ரேமை விற்ற வேகத்திலேயே ஓடவிடும் செட்டிங்) போடவே இல்லை என்று அர்த்தம். ஒற்றை 8 ஜிபி குச்சியில் ஓடும் பிசிக்கு இன்னொரு குச்சி சேர்த்தால், சில கேம்களில் புதுக் கார்டு போட்ட மாதிரியே திக்கல் குறையும்.

மானிட்டர் கணக்கு

1080பி என்பது சுமார் 20.7 லட்சம் பிக்சல். 1440பி 36.9 லட்சம், 4கே 83 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு இத்தனையையும் வரைந்தாக வேண்டும். 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு ஆர்டிஎக்ஸ் 5070 வாங்குகிறவர், மானிட்டர் காட்டவே முடியாத ஃபிரேமுக்குப் பணம் கட்டுகிறார். அவருக்கு நடுத்தரக் கார்டு ஒன்றும் மிச்சப் பணத்தில் 1440பி மானிட்டர் ஒன்றும் வாங்குவது எவ்வளவோ மேல்.

வேலரன்ட், சிஎஸ் 2 மாதிரிப் போட்டி கேம்கள் மட்டும்தான் ஆடுவேன் என்றால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. அந்த கேம்களில் ஆர்எக்ஸ் 6600 தரத்துக் கார்டே போதும், அதற்கு மேல் ஃபிரேம் வேண்டுமென்றால் பெரும்பாலும் பிராசஸரிடம்தான் கேட்க வேண்டும். 5600ஜி-யில் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பிதான், பக்கத்து வீட்டுக்காரரான 5600-இல் 32 எம்பி. பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், கேமில் நன்றாகவே தெரியும். அதே போர்டில் சிப்பை மட்டும் கழற்றி 5600 அல்லது 5700எக்ஸ் போடலாம், பயாஸ் பதிப்பை மட்டும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லாட்டில் இருக்கிற சூட்சுமம்

இதை யாரும் பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. 5600ஜி பிசிஐஇ (கார்டு செருகும் ஸ்லாட்டின் இணைப்பு) 3.0 மட்டுமே தரும், பி550 போர்டில் போட்டாலும் அதேதான். பி450 போர்டோ எந்த சிப்பைப் போட்டாலும் 3.0தான். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 6600, 7600, இன்டெலின் ஆர்க் பி580 எல்லாம் 8 லேன் (தரவு போகும் தடம்) மட்டுமே பயன்படுத்தும் கார்டுகள். 3.0-வில் 8 லேன் என்றால் நொடிக்குச் சுமார் 8 ஜிபி. சாதாரணமாக இதனால் பெரிய இழப்பு இல்லை, வி-ரேம் நிறையாத வரை. நிறைந்துவிட்டால் மிச்ச டெக்ஸ்சர்கள் (கேமில் பொருள்கள் மேல் ஒட்டும் படங்கள்) பிசியின் ரேமில் போய் உட்கார்ந்து இந்தச் சந்து வழியாக வந்துபோக வேண்டும். 5060 டிஐ-யின் சொந்த மெமரி வேகம் நொடிக்கு 448 ஜிபி, சந்தின் வேகம் 8. திக்காமல் என்ன செய்யும்? இந்த வழியில் மிக மோசமாக அடி வாங்கியது 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 4 ஜிபி மெமரி, வெறும் 4 லேன். பழைய 3.0 போர்டுக்காரர்கள்தான் அந்த விலையில் கார்டு தேடுகிறவர்கள், அவர்களுக்குத்தான் அது சரியாக ஓடவில்லை. யாராவது சல்லிசாகத் தந்தாலும் 3.0 பிசிக்கு அதை வாங்காதீர்கள்.

ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 லேன் கொண்டது. அதனால் பழைய போர்டில் இருப்பவர்களுக்கு அதில் ஒரு தனி வசதி உண்டு. (இன்னொரு செய்தி: புதிய ஏஎம்5 வகை போர்டில் போடும் 8500ஜி சிப் கார்டுக்கு 4 லேன் மட்டுமே ஒதுக்குகிறது, 8600ஜி 8 லேன். "பிறகு கார்டு போடுவேன்" என்கிறவர் 8500ஜி வாங்கினால் பின்னாடி வருத்தப்படுவார்.)

வி-ரேம், பெயர், மற்ற தில்லுமுல்லுகள்

8 ஜிபி போதுமா என்ற சண்டை ஓய்வதாக இல்லை. என் கணிப்பு இது: இன்று 1080பி-யில், டெக்ஸ்சரை ஒரு படி குறைக்கச் சம்மதம் என்றால் 8 ஜிபி ஓடும், ஆனால் நான்கு வருஷம் வைத்திருக்கப்போகும் புதுக் கார்டாக 8 ஜிபி வாங்குவது சரியில்லை. கோர் வேகம் குறைந்தால் செட்டிங்கைக் குறைத்துச் சமாளிக்கலாம், மெமரி போதவில்லையென்றால் சில கேம்கள் நொடிக்கொரு தரம் இழுக்கும், சில கேம்கள் இழுக்காமல் சுவரையும் முகத்தையும் மங்கலாகக் காட்டிவிட்டுப் பேசாமல் ஓடும். சராசரி ஃபிரேம் எண்ணில் இந்த இரண்டும் சரியாகத் தெரியாது. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 2025 ஜூனில் வந்தபோது 8 ஜிபி 299 டாலர், 16 ஜிபி 349 டாலர் என்று அறிவித்தார்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 379-க்கும் 429-க்கும் வந்தது. இரண்டிலும் வித்தியாசம் 50 டாலர்தான். அந்த இடைவெளிக்கு நான் யோசிக்காமல் 16 ஜிபி பக்கம் போவேன். ஆஃப்டர்பர்னரில் 7.5 ஜிபி நிரம்பியதாகக் காட்டினால் மட்டும் பதறாதீர்கள், கேம் ஒதுக்கி வைத்துக்கொள்வதுதான் அதில் தெரியும், உண்மையில் எவ்வளவு தேவை என்பது தெரியாது. திக்கலும் சேர்ந்து வந்தால்தான் கவலை.

பெயரை நம்பியும் வாங்காதீர்கள். ஜிடிஎக்ஸ் 1060-இல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு இருந்தன, 3 ஜிபி கார்டில் மெமரி மட்டுமல்ல, கோரும் 1280-க்குப் பதில் 1152. ஜிடி 1030-இன் டிடிஆர்4 வடிவத்துக்கு மெமரி வேகம் அசல் கார்டில் மூன்றில் ஒரு பங்கு. 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 நல்ல பெயர் எடுத்தபின் 8 ஜிபி 3060 ஒன்று வந்தது, 192 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்) 128 ஆகிவிட்டிருந்தது. ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி வடிவம் வேறு சரக்கு, 8 ஜிபி வேறு சரக்கு. ஆர்எக்ஸ் 580 என்று எழுதி 2048எஸ்பி என்று சின்னதாக ஒட்டியிருந்தால் அது 570-க்குச் சமம். பில்லில் மெமரி அளவோடு முழுப் பெயரும் இருக்கட்டும்.

அப்புறம் ஒரே சிப்புக்குள் மூன்று விசிறி, ஆர்ஜிபி, "ஓசி" (கம்பெனியே வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியது) என்று ஐயாயிரம் ஆறாயிரம் அதிகம் கேட்கும் மாடல்கள். வேகத்தில் கிடைப்பது இரண்டு மூன்று சதவீதம். சத்தம் குறைவாக இருக்கலாம், அதற்காக மட்டும் வேண்டுமானால் கொடுங்கள். அந்த ஆறாயிரத்தை மேலே போட்டால் சில சமயம் அடுத்த சிப்பே வந்துவிடும்.

பெஞ்ச்மார்க்கைப் படிக்கும் விதம்

2025 ஜனவரியில் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சி மேடையில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070-ஐக் காட்டி 4090-இன் வேகம் என்றார். ஏஐ வரைந்து நடுவில் செருகும் ஃபிரேம்களையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும். ஃபிரேம் ஜெனரேஷன் கெட்ட விஷயம் இல்லை, அடிப்படையே 60, 70 ஓடும்போது போட்டால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வழவழவென்று இருக்கும். ஆனால் அடிப்படை 30 ஓடும்போது போட்டால் எண் 100 காட்டும், கை அசைவதற்கும் திரை அசைவதற்கும் நடுவே உள்ள தாமதம் 30-இன் தாமதமாகவே இருக்கும். கார்டுகளை ஒப்பிடும்போது அது அணைத்த எண்ணைப் பாருங்கள், உங்கள் ரெசல்யூஷனில் பாருங்கள், சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும் 1 சதவீத எண்ணையும் (மிக மெதுவாக ஓடிய தருணங்களின் ஃபிரேம்) பாருங்கள். விமர்சகர்கள் பெரும்பாலும் மிக வேகமான பிராசஸரில்தான் சோதிப்பார்கள், 5600ஜி-யில் அதே எண் வராது.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் அப்ஸ்கேலிங் (சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது) வேறு கதை, அதை நான் தாராளமாகப் பயன்படுத்தச் சொல்வேன். ஆனாலும் 1080பி-யில் குவாலிட்டி மோடு என்றால் உள்ளே 720பி-யில்தான் வரைகிறது, 1440பி-யில் 960பி-யிலிருந்து தொடங்குகிறது, அதனால் 1440பி-க்காரருக்குப் படம் இன்னும் சுத்தமாக வரும். உங்களிடம் ஆர்டிஎக்ஸ் 2060 இருந்தால்கூட டிஎல்எஸ்எஸ் 4-இன் புதிய அப்ஸ்கேலிங் அதில் ஓடும், செலவு செய்யும் முன் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஏஎம்டி பக்கம் எஃப்எஸ்ஆர் 4-ஐ 9000 வரிசைக்கென்றே கொண்டுவந்தார்கள்.

விலைக்கேற்ற மதிப்பு என்று எல்லாரும் போடும் கணக்கு, விலையை ஃபிரேமால் வகுப்பது. புதிதாகப் பிசி கட்டுகிறவருக்கு அது சரி, ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவருக்கு அது தப்பான முடிவைத் தரும். ஓர் உதாரணம், எண்கள் கணக்குக்காக மட்டும்: முதல் கார்டு 28,000 ரூபாய், 80 ஃபிரேம். இரண்டாவது 36,000, 96 ஃபிரேம். ஃபிரேமுக்கு 350, 375 என்று முதல் கார்டு ஜெயிக்கிறது. இப்போது உங்கள் பழைய கார்டு 45 ஃபிரேம் தருகிறது, அதை 8,000-க்கு விற்கலாம் என்று வையுங்கள். முதல் கார்டுக்குக் கையிலிருந்து போவது 20,000, கூடுதலாகக் கிடைப்பது 35 ஃபிரேம், ஒன்றுக்கு 571. இரண்டாவதற்கு 28,000, கூடுதல் 51, ஒன்றுக்கு 549. முடிவே தலைகீழாகிவிட்டது. நீங்கள் காசு கொடுப்பது இப்போது இல்லாத ஃபிரேமுக்குத்தான், இருக்கிற 45-க்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. கூடுதல் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காத்திருப்பதே நல்லது.

எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், வெயில்

எஸ்எம்பிஎஸ் மேல் "450 வாட்" என்று எழுதியிருப்பதை விடுங்கள், பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12-ஆல் பெருக்க 216 வாட், அவ்வளவுதான் அதன் பலம். 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட், 5060 டிஐ 180 வாட், 5600ஜி முழு வேகத்தில் 88 வாட் வரை, போர்டு விசிறி டிஸ்க்குக்கு ஒரு 50. இரண்டில் எந்தக் கார்டு போட்டாலும் மொத்தம் 320-க்குள் முடிகிறது, நல்ல கம்பெனி 550 வாட் தாராளம். பழைய மோலெக்ஸ் வயரை 8 பின்னாக மாற்றும் கன்வர்ட்டரைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கி வராதீர்கள், சூடாகி உருகுவது அங்கேதான்.

ஆபீஸில் கழித்துக்கட்டிய டெல் ஆப்டிபிளெக்ஸ் மாதிரிப் பெட்டி வைத்திருந்தால் எஸ்எம்பிஎஸ் மாற்றுவதே சிரமம். அதற்குத் தனி பவர் வயர் கேட்காத கார்டுதான் வழி: ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட்டில், ஸ்லாட் தரும் மின்சாரத்திலேயே ஓடும். 1650-இலும் சில மாடல் அப்படி உண்டு.

யுபிஎஸ்ஸை மறந்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் நடுவே கரண்ட் போனால் பிசியோடு மானிட்டரும் சேர்ந்து அதில் விழும், பேட்டரியும் பழசாக இருந்தால் அந்த நொடியே எல்லாம் அணையும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் 36, 37 டிகிரியில் ஆடுகிறவர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட்டைத் தவிர்த்துவிட்டு வலை போட்டதாகப் பார்க்கட்டும். பவர் லிமிட்டைப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைத்தால் ஃபிரேம் கொஞ்சம்தான் இறங்கும், சூடும் சத்தமும் நன்றாகக் குறையும்.

புதுசா, பழசா?

பழைய கார்டில் நல்ல பேரம் உண்டு, கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்குப் புது கேம் டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், டூம்: த டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) ஹார்டுவேர் இல்லாத கார்டை ஏற்பதில்லை, அதனால் 1080 டிஐ, ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி எல்லாம் எவ்வளவு மலிவாக வந்தாலும் யோசியுங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ஆர்எக்ஸ் 6600, 6700 எக்ஸ்டி இவைதான் பழையதில் என் தேர்வு. எதீரியம் மைனிங் (கார்டை ஓடவிட்டு டிஜிட்டல் நாணயம் சம்பாதிப்பது) 2022 செப்டம்பரில் நின்றது, அப்போது சந்தைக்கு வந்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங் கார்டு என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம், விசிறியும் தெர்மல் பேடும் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பட்டை) எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள்.

நேரில் போய், ஓடுகிற பிசியில் பாருங்கள். ஜிபியு-இசட் திறந்து கோர் எண்ணிக்கையும் மெமரியும் அசலோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், பயாஸ் மாற்றிய போலி என்விடியா கார்டு பலவற்றை அந்தச் செயலியே போலி என்று காட்டிக்கொடுக்கும். இருபது நிமிஷம் கனமான சோதனை ஓட்டுங்கள், விசிறிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள், எல்லா டிஸ்பிளே போர்ட்டிலும் கேபிளைச் செருகிப் பாருங்கள். சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு வாரன்டி மிச்சம் இருக்கிறதா என்று கம்பெனி தளத்தில் பாருங்கள், பில் கேட்கும் கம்பெனியும் உண்டு, கேட்காததும் உண்டு. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் கார்டுக்கு இங்கே வாரன்டி செல்லுமா என்பதை வாங்கும் முன் கேட்டுவிடுங்கள், பல கம்பெனிகள் நாடு விட்டு நாடு ஏற்பதில்லை.

புதுசு என்றால், அமெரிக்க அறிவிப்பு விலையை ரூபாயாக்கி 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேருங்கள். அதற்கு மேல் கொஞ்சம் இருந்தால் நியாயம், ரொம்பத் தள்ளி இருந்தால் வேறு மாடல் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினால் ஆன்லைனைவிடக் குறைத்துக் கேட்கலாம், ஆனால் "பில் இல்லாமல் என்றால் இன்னும் குறைக்கிறேன்" என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள், மூன்று வருஷ வாரன்டி அங்கேயே போய்விடும். 2025 கடைசியில் மெமரி சிப் விலை ஏறியதிலிருந்து கார்டு விலையும் நிலையாக இல்லை, வாங்குகிற அன்று பார்க்கிற விலைதான் விலை.

சரி, நம் 5600ஜி பிசிக்கு? 1080பி-யில் பெரிய கேம்கள், பட்ஜெட் இடம் கொடுக்கிறது என்றால் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. வீடியோ எடிட்டிங், பிளெண்டர் (3டி) வேலையும் உண்டு என்றால் 5060 டிஐ 16 ஜிபி. ஆர்க் பி580-க்கு 249 டாலர் அறிவிப்பு விலையும் 12 ஜிபி மெமரியும் ஆசை காட்டும், ஆனால் அதன் டிரைவர் பிராசஸரை அதிகம் வேலை வாங்குவதால் பழைய சிப்களில் வேகம் கணிசமாக விழுகிறது, ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுகும் வசதி) இல்லாமல் அதைத் தொடவே கூடாது. 5600ஜி-யோடு நான் சேர்க்க மாட்டேன். பணம் இறுக்கமாக இருந்தால் பழைய 6600 ஒன்றும் இன்னொரு ரேம் குச்சியும் போதும். 5070, 9070 எல்லாம் மானிட்டரும் பிராசஸரும் மாறிய பிறகு பேசலாம்.

மாட்டும்போது: என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கோ மறுபக்கமோ மாறினால் பழைய டிரைவரை டிடியு (டிரைவர் நீக்கும் செயலி) கொண்டு சுத்தமாகத் துடையுங்கள். பயாஸில் ரீசைசபிள் பார் போட சிஎஸ்எம்-ஐ (பழைய பூட் முறைக்கான செட்டிங்) அணைக்க வேண்டும், உங்கள் விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய அமைப்பு டிஸ்க்கில் போட்டதாக இருந்தால் அணைத்ததும் பூட் ஆகாது, அதனால் முதலில் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய அமைப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டி, பில், நுரை எதையும் தூக்கி எறியாதீர்கள். கடை மாற்றித் தரும் காலத்துக்குள் நன்றாக வாட்டி எடுங்கள், கார்டின் காயில் (கம்பிச்சுருள்) விசில் அடிக்கிறதா, ஏதாவது ஒரு போர்ட் செத்திருக்கிறதா என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அதுவரை பழைய கார்டு வீட்டில் இருக்கட்டும், அதன் பிறகு தாமதிக்காமல் விற்றுவிடுங்கள்.